மதனப்பள்ளியும் பி.சி.ஜி.யும்: ஒரு தடுப்பூசியின் அரசியல், 1915–1979

திருப்பதிக்கு மேற்கே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மதனப்பள்ளி. பழைய சித்தூர் மாவட்டத்து ஊர். அதன் வறண்ட, மிதமான காற்றை நம்பிப் புராட்டஸ்டண்டு மிஷன்கள் பல கூடி அமைத்த காசநோய் சானடோரியம், 1915 முதல் ஊருக்கு அருகே ஆரோக்கியவரத்தில் இயங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். ஓய்வு, சத்தான உணவு, திறந்த வெளிக் காற்று. சயரோகத்துக்கு அன்று இவைதாம் வைத்தியம்.

அந்த வைத்தியம் எத்தனை பேருக்குக் கிடைத்தது? 1946-இல் வெளிவந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் சாவதாகவும் மதிப்பிட்டது. படுக்கைகளோ ஏறக்குறைய 6,000. சானடோரியம் கட்டியே நோயை ஒழித்துவிடலாம் என்று இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் நினைத்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் உலக அரசியல் உள்ளே வருகிறது. போரால் சிதைந்த ஐரோப்பாவில் ஸ்காண்டிநேவியச் செஞ்சிலுவைச் சங்கங்கள் தொடங்கிய, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடும் பணி, 1948-இல் யூனிசெஃப் நிதியுடன் பன்னாட்டு இயக்கமாக விரிந்தது. அப்போதுதான் பிறந்திருந்த உலக சுகாதார நிறுவனத்திலிருந்து சோவியத் ஒன்றியம் 1949-இல் விலகிக்கொண்டது. பனிப்போர்க் காலத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் இருப்பை நியாயப்படுத்த வேண்டுமானால், மலிவாகவும் விரைவாகவும் செய்யக்கூடிய, எண்ணிக் காட்டக்கூடிய ஒரு பணி தேவை. பி.சி.ஜி. அதற்குப் பொருந்தியது. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட டெல்லிக்கும் அது பொருந்தியது. 1948-இல் இந்தியாவில் பி.சி.ஜி. போடும் பணி தொடங்கியது; அதே ஆண்டு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரிப்புக் கூடமும் அமைந்தது. மதனப்பள்ளியில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் பி.வி. பெஞ்சமின் நடுவண் அரசின் காசநோய் ஆலோசகரானார். சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் 1950-இல் உலக சுகாதாரப் பேரவைக்கே தலைமை தாங்கினார்.

ஆனால் தென்னிந்தியக் கிராமத்து மக்களிடம் இந்தத் தடுப்பூசி பலன் தருமா? அதைக் கண்டறிய, கிறிஸ்டியனின் மகன் டாக்டர் ஜோகன்னஸ் தலைமையில் மதனப்பள்ளியைச் சுற்றிய ஊர்களில் 1950-இல் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கியது. நாடு தழுவிய இயக்கமோ 1951-லேயே புறப்பட்டுவிட்டது. கேள்வியைக் கேட்ட கையோடு, பதிலுக்குக் காத்திராமல் ஊசியும் போடப்பட்டது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம் இதுதான்.

1955-இல் ராஜாஜி எதிர்ப்புக் குரல் எழுப்பினார். சென்னை மாநில முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. பலன் நிலைநாட்டப்படாத, உயிருள்ள கிருமியாலான ஊசியை ஏன் கோடிக்கணக்கானோர் உடலில் செலுத்த வேண்டும் என்பது அவர் கேள்வி. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், நோய்க்கிருமி கலந்துவிட்ட பி.சி.ஜி.யால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்ட நினைவும் அன்றைய அச்சத்தில் இருந்தது. ஆபத்தைப் பற்றி ராஜாஜி கொண்ட அச்சம் மிகைதான். முறையாகத் தயாரித்த பி.சி.ஜி. பெரும்பாலும் பாதுகாப்பானது. பலனைப் பற்றிய ஐயத்தை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது அரசு தரப்புக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிரிட்டனில் நடந்த ஆய்வு ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. 1964-இல் வெளியான மதனப்பள்ளி முடிவுகளோ அந்த அளவை எட்டவில்லை. இதற்கிடையே சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்வோரும் சானடோரியத்தில் இருப்போரைப் போலவே குணமடைவதை 1959-இல் மெய்ப்பித்திருந்தது. ஆரோக்கியவரத்தின் காற்றுக்கு இருந்த மருத்துவ மதிப்பு அத்துடன் சரிந்தது.

பிறகு செங்கல்பட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968-இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 2.6 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். 1979-இல் முடிவு வந்தது: நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. அங்கே பாதுகாப்பு அளிக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியங்கள் ஊசிக்கு முன்பே உடலைப் பழக்கியிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றும் இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஊசி போடப்படுகிறது. மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான குழந்தைக் காசநோய்களைத் தடுக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். 1951-இல் மக்களிடம் சொன்ன காரணம் இது அன்று.