நெடும்படமும் போர்க்காட்சியும்: 'ஏழு சாமுராய்கள்' தரும் சான்று

பெருஞ் சண்டைப் படங்கள் மூன்று மணித்தியாலங்களைக் கடந்து நீளுதல் தகுமா என்னும் வினா புதியதன்று. வில்லியம் வைலரின் 'பென்-ஹர்' 1959இல் 212 நிமிடப் படமாக வெளிவந்தது. அதிற் பெரிதும் பேசப்படும் தேரோட்டப் பந்தயமோ பத்து நிமிடங்களுக்கும் குறைந்தது. அங்ஙனமாயின் எஞ்சிய நேரம் எதற்கு? இவ்வினாவை ஆராய்வதற்கு அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954) தக்கதொரு சான்றாகும்.

207 நிமிடங்கள் ஓடும் இப்படத்தின் கதை எளியது. பதினாறாம் நூற்றாண்டு யப்பானில், வாற்கோதுமை விளையட்டும் என்று காத்திருக்கும் நாற்பது கொள்ளையரிடமிருந்து தம்மைக் காக்குமாறு ஓர் ஊரின் உழவர் ஏழு வீரரை அமர்த்துகின்றனர். கூலி அரிசிச் சோறு மட்டுமே. அதனை வீரருக்கு அளித்துவிட்டு உழவர் சிறுதானியம் உண்கின்றனர்.

ஊரைக் காக்கும் போர் இடைவேளைக்குப் பின்னரே தொடங்குகின்றது. அதற்கு முன் வீரரைத் தேடித் தெரிதலும் ஊரின் நிலவமைப்பை ஆராய்தலும் நிகழ்கின்றன. தப்பியோடிய சாமுராய்களை முன்னர்க் கொன்று உழவர் கவர்ந்த கவசங்களும் அப்பொழுதே வெளிப்படுகின்றன. வீரர் சினங்கொள்ள, உழவர் குடியிற் பிறந்த கிக்குச்சியோ, உழவரை இந்நிலைக்கு ஆளாக்கியோர் சாமுராய்களே என்று இடித்துரைக்கின்றான். காப்போருக்கும் காக்கப்படுவோருக்கும் இடையிலுள்ள இப்பிளவை அறிந்த பின்னரே நாம் போரைக் காண்கின்றோம். எழுவருள் நால்வர் மடிகின்றனர். நால்வரையும் வீழ்த்துவது வாளன்று, துப்பாக்கியே. அவர்தம் இறப்பு நம்மைத் தாக்குவதற்கு முற்பகுதியிற் செலவான நேரமே காரணம்.

இதே கதையை ஜோன் ஸ்ரேர்ஜஸ் 1960இல் 'த மக்னிபிசென்ற் செவன்' என்னும் அமெரிக்கப் படமாக்கினார். 128 நிமிடங்களுள் அமைந்த அப்படம் விறுவிறுப்பிற் குறைந்ததன்று. ஆயின் கிக்குச்சியோவும் இளைஞன் கட்சுஷிரோவும் அதிற் சிக்கோ என்னும் ஒரே பாத்திரமாயினர். மூலத்தில் கிக்குச்சியோ இறக்கின்றான். கட்சுஷிரோ காதலித்த உழவர் மகள் அவனைக் கடந்து நாற்று நடச் செல்கின்றாள். அமெரிக்கப் படத்தில் சிக்கோ காதலியுடன் ஊரிலேயே தங்குகின்றான். வேற்றுமை முழுவதற்கும் நேரக்குறைவே காரணமெனல் மிகையாகும். எனினும், சுருக்கத்தில் முதலில் இழக்கப்பட்டது சண்டையன்று, வர்க்க முரணே என்பது மனங்கொள்ளத்தக்கது.

படங்களை வெட்டுவோரின் நோக்கம் பெரும்பாலும் வணிகஞ் சார்ந்தது. படம் நீண்டால் ஒரு நாளிற் காட்டத்தக்க காட்சிகள் குறையும். குரோசாவாவின் படமும் வெளிநாடுகளிற் குறைக்கப்பட்டே திரையிடப்பட்டது. டேவிட் லீனின் 'லோறன்ஸ் ஒஃப் அரேபியா' 1962இல் வெளியானதன் பின் வெட்டப்பட்டு, 1989இலேயே மீளமைக்கப்பட்டது.

இதனால் நீளமே சிறப்பு என்பது பெறப்படாது. 2019இல் வெளியான 'அவெஞ்சர்ஸ்: என்ட்கேம்' 181 நிமிடங்கள் ஓடியது. அத்தகைய படங்களையும் இதே அளவுகோலால் நோக்குதல் வேண்டும். சண்டையை நீட்டுதற்கே நேரம் செலவிடப்படின் அது வீண். யார், எதற்காகப் போரிடுகின்றனர், வெற்றியின் பயன் எவரைச் சேர்கின்றது என்பவற்றை உணர்த்தச் செலவிடப்படின் அது தகும். நான்கு புதைகுழிகளின் முன் எஞ்சிய மூவர் நிற்க, உழவர் பாடியவாறு நாற்று நடும் இறுதிக் காட்சி 207 நிமிடங்களையும் வேண்டி நிற்பது.