ஆறு மாதத்தில் அடுத்த வேலை: பொப் நைட்டை யார் எடுத்தார்கள், ஏன்?

2001 மார்ச் மாதம். அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸில், பருத்தி வயல்களுக்கு நடுவே இருக்கிற லபொக் நகரம். அங்குள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் தன்னுடைய புதிய கூடைப்பந்துப் பயிற்றுநரை அறிமுகம் செய்தது. மட்ச் ஒன்றும் இல்லை, வெறும் அறிமுகம்தான். அதற்கே ஆயிரக்கணக்கான சனம் அரங்குக்கு வந்தது. வந்தவர் பொப் நைட். ஆறு மாதத்துக்கு முதல்தான் இந்தியானா பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது.

எங்கட பல்கலைக்கழகங்களில விளையாட்டு எண்டால் விரிவுரை முடிஞ்சு பின்னேரத்தில நடக்கிற ஒரு சங்கதி. அமெரிக்காவில் அப்படியில்லை. கல்லூரிக் கூடைப்பந்து அங்கே ரீவி உரிமை, ரிக்கெட், நன்கொடை என்று பெருங்காசு புரளும் தொழில். பல மாநிலங்களில் அரச சம்பளம் வாங்குபவர்களுக்குள்ளேயே அதிகம் வாங்குபவர் ஆளுநர் இல்லை, ஒரு பல்கலைக்கழகக் கோச்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு நைட்டின் கதைக்கு வருவோம்.

அவர் வென்றதை முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. 24 வயதில் அமெரிக்க இராணுவக் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்றுநர். 1971 இல் இந்தியானாவுக்கு வந்தார். 1976, 1981, 1987 என மூன்று தேசியப் பட்டங்கள். 1976 இல் அவருடைய அணி 32 மட்ச்சிலும் வென்றது. ஆண்கள் பிரிவில் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் எடுத்த அணி அதற்குப் பிறகு இல்லை. 1984 ஒலிம்பிக்கில் தங்கம். இன்னொன்று: அவருடைய பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்றார்கள். களவாகக் காசு கொடுத்து வீரர்களைச் சேர்க்கிற பழக்கம் பரவியிருந்த காலத்தில் அந்தக் குற்றச்சாட்டு அவருடைய அணி மீது வரவில்லை. பல்கலைக்கழக நூலகத்துக்கு நிதி திரட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கெட்டவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போகக்கூடிய ஆள் இல்லை.

மற்றப் பக்கம். 1979 இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு பொலிஸ்காரருடன் கைகலப்பு. அவர் இல்லாமலே வழக்கு நடந்து 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதை அவர் அனுபவிக்கவே இல்லை. 1985 இல் பர்டியூ அணிக்கு எதிரான மட்ச்சில் நடுவர்களோடு கோபப்பட்டுக் கதிரையைத் தூக்கி ஆடுகளத்துக்குள் எறிந்தார். தண்டனை ஒரு மட்ச் தடை. 1988 இல் ரீவி நேர்காணல் ஒன்றில் பாலியல் வன்புணர்வைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுப் பெண்கள் வளாகத்தில் ஊர்வலம் போனார்கள். வேலைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நீல் ரீட். 1997 இல் ஒரு பயிற்சியில் நைட் தன்னுடைய கழுத்தைப் பிடித்தார் என்று இந்த வீரர் 2000 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். நைட் மறுத்தார். அடுத்த மாதமே அந்தப் பயிற்சியின் வீடியோ வெளியில் வந்தது. மே மாதம் பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட் விதித்தது 30,000 டொலர் அபராதமும் 3 மட்ச் தடையும். இனி எதையும் பொறுக்கமாட்டோம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. செப்ரெம்பரில் ஒரு மாணவன் வழியில் அவரைக் கண்டு, மரியாதைச் சொல் இல்லாமல் வெறும் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவர் அவனுடைய கையைப் பிடித்து மரியாதையைப் பற்றி வகுப்பெடுத்தார். சில நாட்களில் வேலை போனது. இது ஒரு சம்பவத்துக்காக மட்டுமில்லை, தொடர்ந்த நடத்தைக்காக என்று பிராண்ட் விளக்கினார். ஆயிரக்கணக்கான மாணவர்கள் அவருடைய வீட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள், நைட்டுக்கு ஆதரவாக.

நாங்கள் இந்தத் திகதிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். வீரனின் கழுத்தைப் பிடித்ததற்கு மூன்று வருசம் கழித்து அபராதம். அணிக்கு வெளியே இருந்த ஒரு மாணவனின் கையைப் பிடித்ததற்குச் சில நாளில் பதவி நீக்கம். வேறொரு கணக்கும் இருக்கிறது. 1987 க்குப் பிறகு பட்டம் இல்லை. 1994 க்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் தேசியத் தொடரில் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ இந்தியானா வெளியேறிக்கொண்டிருந்தது. பொறுமை தீர்ந்ததும் வெற்றி தீர்ந்ததும் ஒரே காலத்தில் நடந்ததைத் தற்செயல் எண்டு நம்ப எங்களால ஏலாது.

சரி, டெக்சாஸ் டெக் ஏன் எடுத்தது? அவர்களிடம் 1999 இல் திறந்த, ஏறக்குறைய 15,000 பேர் இருக்கக்கூடிய புது அரங்கு இருந்தது. அணியோ அந்தப் பருவத்தில் 9 வெற்றி, 19 தோல்வி. விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஜெரால்ட் மயர்ஸ் நைட்டின் பழைய நண்பர். பேராசிரியர்கள் சிலர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் வெறுங்கதிரைகளுக்கு முன்னால் கையெழுத்து என்ன செய்யும்?

முதல் வருசமே 23 வெற்றி, 9 தோல்வி. தேசியத் தொடருக்குத் தகுதி. 2005 இல் கடைசி 16 அணிகளுக்குள் வந்தார்கள். அதுதான் அங்கே அவருடைய உச்சம். 2004 இல் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் சலாட் மேசைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழக வேந்தரோடு வாக்குவாதம். வேந்தர் அவரைப் பாராட்டப் போய்த்தான் அது தொடங்கியது, பாவம். கண்டனத்தோடு முடிந்தது. 2006 இல் மட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வீரனின் நாடியில் கீழிருந்து தட்டினார். தலையை நிமிர்த்திப் பார்க்கச் சொன்னது என்று விளக்கம். வீரனும் பெற்றாரும் பிரச்சினை இல்லை என்றார்கள்.

அந்த "பிரச்சினை இல்லை" என்பதை நாங்கள் பொய் என்று சொல்லவில்லை. பழைய வீரர்கள் பலர் அவரை உண்மையாகவே நேசித்தார்கள். ஆனால் சொல்பவனின் நிலையையும் பாருங்கோ. அன்றைய விதிப்படி புலமைப்பரிசில் பொதுவாக வருசத்துக்கு வருசம் புதுப்பிக்கப்படுவது. புதுப்பிப்பதில் கோச்சின் சொல்தான் எடுபடும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் அப்போது ஒரு வருசம் விளையாடாமல் இருக்கவேண்டியிருந்தது. அப்படியான விதி எதுவும் நைட்டுக்கு இருக்கவில்லை. செப்ரெம்பரில் வேலை போனது, மார்ச்சில் கிடைத்தது. நீல் ரீட் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் முடித்தார், வீடியோ வரும் வரைக்கும் பொய்யன் என்று பேச்சு வாங்கினார். பிறகு கலிபோர்னியாவில் பாடசாலை ஆசிரியராக இருந்து 2012 இல், 36 வயதில், மாரடைப்பால் இறந்தார்.

நைட் 2008 பெப்ரவரியில் பருவத்தின் நடுவிலேயே விலகினார். அப்போது 902 வெற்றிகள், ஆண்கள் பிரிவில் அன்றைய சாதனை. இடத்துக்கு அவருடைய மகன் வந்தார். 2011 இல் அந்தச் சாதனையை முறியடித்தவர் மைக் ஷஷெவ்ஸ்கி, இராணுவக் கல்லூரியில் நைட்டிடம் விளையாடியவர். நைட் 2023 நவம்பரில் இறந்தார்.

அதே 2011 இல் டெக்சாஸ் டெக் இன்னொரு கோச்சை எடுத்தது: பில்லி கிலிஸ்பி, கென்ரக்கி பல்கலைக்கழகம் இரண்டே பருவத்தில் நீக்கிவிட்ட ஆள். 2012 இல் வீரர்கள் தாங்களாகவே நிர்வாகத்திடம் போய், தங்களை நடத்துகிற விதத்தைப் பற்றி முறையிட்டார்கள். செப்ரெம்பரில் அவர் விலகினார். அந்த ஒரே பருவத்தில் அவருடைய கணக்கு 8 வெற்றி, 23 தோல்வி.