ஒரு பெட்டிக்குள் இரண்டு ராஜ்யம்
சுற்றிலும் வெள்ளைக்காரர் சீமை, நடுவே தொண்டைமான் சமஸ்தானம் என்று வாழ்ந்து, 1948-ல் சென்னை மாகாணத்தில் கலந்த ஊர் புதுக்கோட்டை. 2011 செப்டம்பரில் சர்க்கார் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது, பெட்டிக்குள்ளேயே இரண்டு ராஜ்யங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று நம் நாட்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். எதற்குள் போக வேண்டுமென்று கேட்டு விடுகிற வாயிற்காவலன் பெயர் கிரப்.

2012-ன் மின்வெட்டை யார் மறப்பார்கள்! எதிர்வீட்டுப் பெண்ணின் பெட்டியில் பாட்டரி ஓய்ந்திருந்தது. லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று, காவலன் விழுந்தான். கறுப்புத் திரையைப் பார்த்து, பரீட்சைக்கு எழுதியதெல்லாம் போயிற்றென்று அழுதாள். கடைக்காரரோ எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றார். நல்ல வைத்தியம்! பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸைக் கிளப்பி, பாதியில் நின்ற வேலையை முடித்து, கிரப்பை மறுபடி வாசலில் நிறுத்தினோம். அவள் எழுதியது ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது.