மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதா? நுரையீரல் பிரஷராக இருக்கலாம்!

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் எல்லோருக்கும் தெரியும். நுரையீரல் ரத்தக்குழாயில் வரும் பிரஷர் வேறு. பட்டையில் அது தெரியாது. எக்கோ ஸ்கேனில் சந்தேகம் வரும். இதயத்துக்குள் டியூப் விட்டு அளந்தால்தான் உறுதியாகும். சராசரி அளவு 20-ஐ தாண்டினால் நோய்.

இதயம் என்ன ஆகும்?

நுரையீரலுக்கு ரத்தத்தை தள்ளுவது இதயத்தின் வலதுபக்கம். குழாய் இறுகினால் முக்கித் தள்ளணும். மூட்டை தூக்குபவரின் புஜம் போல முதலில் சதை தடிக்கும். நாள்பட நாள்பட சோர்ந்துபோய் பலூன் மாதிரி விரியும். கால் வீங்கும், மயக்கம் வரும்.

மாத்திரை உண்டா?

உண்டு. போசென்டானுக்கு 2001-லும், சில்டெனாபிலுக்கு 2005-லும் அமெரிக்கா இந்நோய்க்காக அனுமதி தந்தது. இவை குழாயை தளர்த்தும். பாரம் குறைந்தால் விரிந்த இதயமும் ஓரளவு சுருங்கும்.

உஷார்! நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையுடன் சில்டெனாபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்து.

நடக்கலாமா?

முன்பெல்லாம் "அலட்டிக்காதே, படுத்துக்கோ" என்பார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் டாக்டர்கள் மருந்து சாப்பிட்டு வந்த 30 பேரில் பாதிப்பேருக்கு 15 வாரம் பயிற்சி கொடுத்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். 6 நிமிட நடையில், பயிற்சி இல்லாதவர்களைவிட இவர்களுக்கு சராசரியாக 111 மீட்டர் கூடுதல் முன்னேற்றம்!

ஆகவே முதலில் மருந்து. பிறகு டாக்டர் கண்காணிப்பில் லேசான பயிற்சி. தலை சுற்றினால் பயிற்சியை உடனே நிறுத்திடணும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.