பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே ஒரு கடிகாரம்

பம்பாயில் சூரியன் உச்சிக்கு வரும்போது கல்கத்தாவில் உச்சி சாய்ந்து 62 நிமிடம் ஆகியிருக்கும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறத்தாழப் பதினைந்தரை பாகை. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த 62 நிமிடத்தை என்ன செய்வது என்ற இழுபறி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஓயவில்லை. அதில் வானியலைவிட அதிகாரத்தின் பங்கே பெரிது என்பது என் கருத்து.

ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்பது ஐரோப்பியர் வந்து சொல்லித் தெரிந்ததன்று. சூரிய சித்தாந்தம் இலங்கை, உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டை அடிப்படையாகக் கொண்டு மற்ற ஊர்களுக்குத் தேசாந்தரத் திருத்தம் சொல்கிறது. சந்திர கிரகணம் கணித்த நேரத்துக்குப் பிந்தித் தெரிந்தால் அவ்வூர் கோட்டுக்குக் கிழக்கே. முந்தித் தெரிந்தால் மேற்கே. வானத்துக் கிரகணத்தையே பொதுக் கடிகாரமாக்கிய நுட்பம் இது. ஆனால் உதயத்திலிருந்து நாழிகை எண்ணி வாழ்ந்தவர்களுக்கு அடுத்த ஊரின் நேரம் அன்றாடத் தேவையாக இருக்கவில்லை.

ரயிலும் தந்தியும் வந்ததும் அது தேவையாயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே, 1792இல், கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் அமைத்திருந்தது. அங்கு ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடமும், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் 20 விநாடியும் முந்தியவை. கழித்துப் பார்த்தால், சென்னை நேரம் ஒன்றிலிருந்து 30 நிமிடம், மற்றொன்றிலிருந்து 32 நிமிடம் தள்ளி, கிட்டத்தட்ட நட்டநடுவில் நிற்கிறது. தந்தி வழியே நேரக் குறிப்பு அனுப்ப வானாய்வகமும் தயாராக இருந்தது. இந்திய ரயில்கள் சென்னை நேரப்படி ஓடியதற்கு இவையே காரணம். நம் ஊருக்குக் கிடைத்த பெருமை என்று இதைக் கொண்டாடுவதற்கில்லை. இரு பெருநகரங்களும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத நிலையில் மூன்றாமவருக்கு வாய்த்த இடம் இது.

பம்பாய் அந்த மூன்றாமவரையும் ஏற்கவில்லை. அங்கே ரயில் நிலையக் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட அரை மணி முந்தி ஓடியது. அரசு அலுவலகங்களும் சென்னை நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று 1881இல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்கூசன் ஆணையிட்டார்; எதிர்ப்பு வலுக்கவே 1883இல் அது கைவிடப்பட்டது.

கிரீன்விச்சை முதன்மைத் தீர்க்கரேகையாக 1884ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடு தேர்ந்தது. அதன் வழியில், 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் 1906 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு இழப்பு 8 நிமிடம் 46 விநாடி மட்டும். கல்கத்தா சுமார் 24 நிமிடம், அதாவது ஒரு நாழிகை, பின்வாங்க வேண்டியிருந்தது. பம்பாய்க்கோ கடிகாரம் 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்கு அது வெறும் எண் அன்று. சங்கு ஊதும் மணி மாறாவிட்டால், அவர் இன்னும் இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். அந்த ஜனவரியிலேயே ஆலைத் தொழிலாளர் எதிர்ப்பில் இறங்கினர். வங்கப் பிரிவினையின் சூடு ஆறாத காலம் அது. வேற்று ஆட்சி திணித்த நேரம் என்ற சினமும் சேர்ந்துகொண்டது. கல்கத்தா நேரம் 1948வரையும் பம்பாய் நேரம் 1955வரையும் வழக்கில் நீடித்தன.

அக்காலப் பம்பாய் ஆவணமொன்றில் ‘பகல் 12 மணி’ என்று காணும் ஆய்வாளர்கள், அது எந்தக் கடிகாரத்தின் 12 என்று முதலில் விசாரிக்க வேண்டுகிறேன். விசாரிக்காமல் எழுதினால் நிகழ்ச்சி 39 நிமிடம் இடம் மாறிவிடும்.