இக்லாஸ்

இக்லாஸ்: புகழையோ கைம்மாறையோ நாடாமல், இறைவனுக்காக மட்டுமே நற்செயல் புரியும் உளத்தூய்மை; இஸ்லாமிய ஒழுக்கவியலின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. தொழுகையோ தர்மமோ, அதன் மதிப்பை முடிவுசெய்வது நிய்யத் எனும் எண்ணமே. எண்ணத்தைப் பற்றிய நபிமொழிதான் இமாம் புகாரீயின் ‘ஸஹீஹ்’ தொகுப்பிலும், இமாம் நவவீயின் (1233–1277) ‘நாற்பது நபிமொழிகள்’ நூலிலும் முதலிடம் பெற்றிருக்கிறது.

இக்லாஸுக்கு நேர் எதிரானது ரியா, அதாவது பிறர் பார்க்கச் செய்தல். ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழி இதில் தயவே காட்டுவதில்லை. மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவோர் போரில் உயிர்நீத்தவர், மார்க்க அறிஞர், வாரி வழங்கிய செல்வர். ஊர் மெச்சவே செய்ததால் மூவரும் நரகம் புகுகிறார்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் தர்மமே பாழாகும் எனக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமும் எச்சரிக்கிறது.

நபிகளாரின் கொள்ளுப்பேரர் அலீ ஸைனுல் ஆபிதீன், மதீனாவில் இரவு நேரங்களில் உணவு மூட்டையைத் தாமே சுமந்து ஏழை வீடுகளில் சேர்த்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கொடுத்தவர் யாரென்பது அவர் மறைவுக்குப் பிறகே தெரிந்ததாம்.

இப்பண்பை விரிவாக ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலீ (இறப்பு 1111). தம் கற்பித்தலிலேயே புகழாசை கலந்திருப்பதை உணர்ந்து, 1095இல் பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரிப் பதவியைத் துறந்தார். அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் 40 பகுதிகளில் 37ஆவது பகுதி எண்ணம், உளத்தூய்மை, வாய்மை ஆகியவற்றுக்கு உரியது. பிறர் பேச்சுக்கு அஞ்சி நற்செயலைக் கைவிடுவதையும் ரியாவாகவே கருதினார் ஃபுளைல் இப்னு இயாள் எனும் ஆரம்பகால சூஃபி.