துன்பத்தின் காரணம்: சென்னையில் மீண்ட பௌத்தச் சிந்தனை

துன்பத்துக்குக் காரணம் உண்டு, அக்காரணத்தை நீக்கினால் துன்பமும் நீங்கும் என்பது பௌத்தத்தின் அடிப்படை. தமிழில் இதை முறையாக விளக்கும் பழைய நூல் மணிமேகலை. அதில் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் எடுத்துரைக்கும் பன்னிரு நிதானங்கள் (காரணங்கள்) பேதைமையில் தொடங்குகின்றன. செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம் என ஒன்றைச் சார்ந்து மற்றொன்று பிறந்து, மூப்பும் பிணியும் சாக்காடுமாகிய வினைப்பயனில் முடிகின்றன. ஆசையே துன்பத்தின் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இவ்வரிசையின் நடுப்பகுதியை மட்டுமே. ஆசைக்கும் வேராக அறியாமை இருக்கிறது.

தமிழகத்தில் பௌத்தம் மறைந்தபின் இச்சொற்களுக்குப் பொருள் சொல்வாரும் அருகினர். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கே, ஆங்கிலத்தில் பௌத்த நூல்களைக் கற்றிருந்த மளூர் ரங்காசாரியாரின் உதவி தேவைப்பட்டது.

அதற்குள் அடையாற்றில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. 1882இன் இறுதியில் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை அங்கே அமைத்தது. அதன் தலைவர் கர்னல் ஆல்காட், இலங்கை, பர்மா, ஜப்பான் முதலிய நாட்டுப் பௌத்தர்களை 1891இல் அங்கு கூட்டி, அனைவருக்கும் பொதுவான 14 கொள்கைகளை வகுத்தார். அறியாமை ஆசையை வளர்க்கிறது, நிறைவேறாத ஆசை மறுபிறப்பைத் தருகிறது, மறுபிறப்பு துயரைத் தருகிறது என்பது அவற்றுள் ஒன்று.

இந்தச் சிந்தனை உயிர்பெற்ற இடம் இராயப்பேட்டை. 1898இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்ற அயோத்திதாசர், திரும்பியதும் சாக்கிய பௌத்த சங்கத்தை அங்கே நிறுவினார். அங்கு கூடிய ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூப்பு, பிணி, சாவு ஆகிய எல்லார்க்கும் பொதுவான துயரங்களோடு, பிறர் சுமத்திய இழிவும் அன்றாடத் துன்பமாக இருந்தது. சாதித்தாழ்வு முற்பிறவியின் பயன் என்ற விளக்கத்தை அயோத்திதாசர் ஏற்கவில்லை. பௌத்தர்களாயிருந்தவர்களைப் பகைவர் வீழ்த்தித் தாழ்த்தியதே அதன் காரணம் என்று 1907இல் தொடங்கிய தம் ‘தமிழன்’ இதழில் தொடர்ந்து எழுதினார். அவருடைய வரலாற்று ஊகங்கள் சில இன்று நிற்காமல் போகலாம்; இழிவுக்கும் ஒரு தோற்றமும் காரணமும் உண்டு என அவர் தேடியது பௌத்தத்துக்கு மிக நெருக்கமான செயல்.

சங்கத்தோடு இணைந்திருந்த அறிவியல் பேராசிரியர் பொ.லட்சுமி நரசு, அழியாத ஆன்மா இல்லை என்ற பௌத்தக் கொள்கையைப் பகுத்தறிவின் துணைகொண்டு விளக்கினார். 1907இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘பௌத்தத்தின் சாரம்’ சாதிமறுப்புக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. அந்நூலை 1948இல் அம்பேத்கர் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

மயிலாப்பூரின் பங்கு பின்னால் வந்தது. அங்கே பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மயிலை சீனி.வேங்கடசாமி, 1940இல் ‘பௌத்தமும் தமிழும்’ நூலை வெளியிட்டார். பௌத்தம் தமிழகத்துக்கு வந்த வரலாறு, அது செழித்த ஊர்கள், அதன் தமிழ்ப் புலவர்கள் என அனைத்தையும் தமிழ் வாசகர் ஒரே நூலில் படிக்க முடிந்தது.